பூரி மாதிரி உப்பின பேட்டரி

போன மே மாசம், நாக்பூர் வெயில். பையனோட ட்ரோன் பேட்டரி அலமாரிக்குள்ள பூரி மாதிரி உப்பிக் கிடந்துச்சு. முழுசா சார்ஜ் பண்ணி வெச்ச புண்ணியவான் நான்தான். அலமாரியை ஒட்டித்தான் அவன் கட்டில்!

எழுபதுகள்ல அமெரிக்காவுல விட்டிங்ஹாம் செஞ்ச பேட்டரியில லித்தியம் உலோகமாவே இருந்துச்சு. சார்ஜ் ஏத்த ஏத்த அது முள்ளு முள்ளா வளர்ந்து எதிர்முனையைத் தொடும், தீதான். 1980-ல ஆக்ஸ்போர்டில் குட்எனஃப் குழு லித்தியத்தை கோபால்ட் ஆக்சைடுக்குள்ள அடைச்சு வெச்சாங்க. 1985-ல ஜப்பானில் யோஷினோ மறுமுனைக்குக் கார்பன் போட்டார். அடுத்த வருஷம் இரும்புக் கட்டியைப் போட்டு நசுக்கிப் பார்த்தார். உலோக லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சுது, இது பிடிக்கலை. 1991-ல சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-ல மூணு பேருக்கும் நோபல் (குட்எனஃபுக்கு அப்ப 97 வயசு!).

இதுல எனக்கு உறைச்ச விஷயம், இந்த பேட்டரி பிறக்கறதே காலியாத்தான். லித்தியம் எல்லாம் கோபால்ட் பக்கம் இருக்கும். சார்ஜ் பண்றதுன்னா அதை அங்கேருந்து பிடுங்கி கார்பனுக்குள்ள தள்ளுறது. செல்லுக்கு 4.2 வோல்ட்ல நாள்கணக்கா வெச்சா, அதுவும் வெயில் சூட்டுல, உள்ளே இருக்கற திரவம் சிதைஞ்சு வாயுவாகுது. அதுக்காக 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விட்டாலும் கெட்டுப்போகும்.

இப்ப புதுசு 3.8 வோல்ட்ல, பால்கனி நிழல்ல, தகரப் பெட்டிக்குள்ள. பறக்க விடற அன்னிக்குக் காலையில, நான் பக்கத்துல உக்காந்திருந்தாத்தான் சார்ஜ்.