நிழற்படமும் குறுக்குவெட்டும்

கேப் டவுனில் அறுவை மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்ட் 1968 ஜனவரியில் மாற்றிவைத்த இதயத்துடன் பிலிப் பிளைபெர்க் ஏறத்தாழ 19 மாதம் வாழ்ந்தார். கொடையாளர் இளைஞர்தான். ஆனாலும் பிரேதப் பரிசோதனையில் அந்த இதயத்தின் கொரோனரிக் குழாய்கள் கடுமையாக அடைபட்டிருந்தன. மாற்று இதயத்தின் நீண்டகால எதிரி அன்றே முகம் காட்டிவிட்டது.

இந்த நோய் பெரும்பாலும் சத்தமில்லாமல் வளரும். அறுவையில் நரம்புகள் துண்டிக்கப்படுவதால் பலருக்கு நெஞ்சுவலியே தெரியாது. ஆகவே மருத்துவர்தான் தேடிப் போக வேண்டும். எதைக் கொண்டு தேடுவது?

வழக்கமான விடை ஆஞ்சியோகிராம். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் ரத்தம் ஓடும் பாதை தெரியும், சுவர் தெரியாது. சாதாரண மாரடைப்பு நோயாளிக்கு இது போதும்: ஓரிடம் மட்டும் சுருங்கியிருக்கும், பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். மாற்று இதயத்திலோ, உப்புநீர் ஓடும் குழாயில் படிவு ஏறுவதுபோல, உட்சுவர் நெடுகச் சுற்றிலும் தடிக்கிறது. ஒப்பிட நல்ல பகுதியே மிஞ்சுவதில்லை. போதாக்குறைக்கு, தொடக்கத்தில் குழாய் வெளிப்புறமாக விரிந்து கொடுத்து, பாதையின் அகலத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். படம் ‘நார்மல்’ என்று வரும்.

ஐவஸ் என்னும் உள்குழாய் அல்ட்ராசவுண்டு அங்கே ஏமாறுவதில்லை. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கதீட்டரைக் குழாய்க்குள் விட்டு மெல்லப் பின்னிழுத்தால், சுவரின் குறுக்குவெட்டு திரையில் வட்டமாக விரியும். அறுவைக்குப் பின் 4 முதல் 6 வாரத்தில் ஒருமுறை, ஓராண்டு முடிவில் மறுமுறை பார்ப்பார்கள். முதல் படம் கொடையாளரிடமிருந்தே வந்த தடிப்பைக் காட்டிவிடும். அதே இடத்தில் உட்சுவர் ஓராண்டுக்குள் 0.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால், அடுத்த சில ஆண்டுகளில் மரண ஆபத்து கூடும். எவரோலிமஸ் மருந்து இந்தத் தடிப்பைக் குறைப்பதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியதும் ஐவஸ் அளவையால்தான்.

அதற்காக ஆஞ்சியோகிராமை ஓரங்கட்ட முடியாது. ஐவஸ் கதீட்டர் பெரிய குழாய்களைத் தாண்டாது. நுனிக்கிளைகள் கருகி மறைவதை ஆஞ்சியோகிராம்தான் காட்டும். இந்த நோயின் கடுமையைத் தரம் பிரிக்கும், சர்வதேச இதய, நுரையீரல் மாற்றுச் சங்கத்தின் 2010ஆம் ஆண்டு முறையும் ஆஞ்சியோகிராமையே அடிப்படையாக வைத்திருக்கிறது. செலவும் ஐவஸுக்குக் கூடுதல்.

என் பார்வையில், முதலாண்டில் ஆஞ்சியோகிராமை மட்டும் நம்பி ஆறுதல் சொல்லக்கூடாது. மருந்தை மாற்றிப் பலன் காணும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். நெடுகப் பரவிய பின் ஸ்டென்ட் வைக்கக்கூட இடம் கிடைப்பது அரிது.