எம்டனின் தமக்கை

பொல்லாத கெட்டிக்காரன் ஒருவனைக் கண்டால் "அவன் ஓர் எம்டன்" என்கிறோம். 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்திவிட்டு, இலங்கையைச் சுற்றிவந்து, கொழும்புக்கு அண்மையில் சீனிக் கப்பல் ஒன்றையும் அமிழ்த்திய ஜெர்மன் போர்க்கப்பல் தந்த சொல் அது. சொல்லை வைத்துக்கொண்டோம்; அதன் இயந்திர அறையை எட்டிப் பார்க்கவில்லை.

எம்டனுக்கு ஒரு தமக்கை உண்டு, பெயர் டிரெஸ்டன். ஒரே வகைக் கப்பல்கள், இயந்திரம் மட்டும் வேறு. தமக்கைக்கு டர்பைன் எனப்படும் நீராவிச் சுழலி. தங்கைக்கோ முசலங்கள் மேலும் கீழும் பாயும் பழைய இயந்திரம். முசலம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நின்று திரும்பவேண்டும். முழு வேகத்தில் கப்பலே அதிரும். தண்டு சுழலும் இடங்கள் சூடேறும். ஆட்கள் நின்று தண்ணீர் அடிப்பார்கள். நயினாதீவு வள்ளத்தில் இயந்திரத்தின் அருகே இருந்து போனவர்களுக்கு அந்த அதிர்வு கொஞ்சம் விளங்கும். சுழலி ஒரே திசையில் சுழல்வதால் உச்ச வேகத்தை நெடுநேரம் தாங்கும். மெதுவாக ஓடினாலோ நிலக்கரியை விழுங்கும்.

எம்டன் நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே அழிந்தது. உண்மையான சோதனை அதன் கூட்டாளிகளுக்கு வந்தது டிசெம்பர் 8இல், போக்லாந்துத் தீவுகளுக்கு அப்பால்.

அங்கே நியூர்ன்பேர்க் என்ற ஜெர்மன் கப்பலை, கெண்ட் என்ற பிரித்தானியக் கப்பல் துரத்தியது. இரண்டும் பழைய முசல இயந்திரங்களே. கெண்டுக்கு விதித்த வேகம் மணிக்கு 23 கடல்மைல். கரி போதாமல் மேசை, கதிரை, ஏணி, கதவெல்லாம் உடைத்து உலையில் போட்டார்கள். விதித்ததை மிஞ்சி ஓடியது. நியூர்ன்பேர்க்கும் அப்படியே ஓடப் பார்த்தது. கொதிகலன்கள் இரண்டு வெடித்தன. அன்று மாலையே மூழ்கியது.

வடிவமைப்பவர் எல்லைக் கோட்டுக்கு அப்பாலும் சிறிது இடம் விட்டிருப்பார். நியூர்ன்பேர்க் அந்த இடத்தைப் பசிபிக் கடலிலேயே செலவழித்துவிட்டது. மாதக்கணக்காகத் திருத்துதுறை காணாத கப்பல் அது. அதன் கொதிகலன் காவலர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐந்து ஜெர்மன் போர்க்கப்பல்களில் அன்று தப்பியது டிரெஸ்டன் ஒன்றே. சுழலி காப்பாற்றியது. ஆனால் அந்த ஓட்டத்துக்குப் பிறகு அதற்கும் ஒழுங்கான திருத்தவேலை கிடைக்கவில்லை. 1915 மார்ச்சில், ரொபின்சன் குரூசோ கதைக்கு வித்திட்ட மாலுமி தனித்திருந்த அதே ஜுவான் பெர்னாண்டஸ் தீவில், தேய்ந்த இயந்திரமும் வெறுமையான கரி அறையுமாக நங்கூரமிட்டது. மார்ச் 14இல் பிரித்தானியக் கப்பல்கள் வந்து சுட்டபோது, அதன் மாலுமிகளே அதை மூழ்கடித்தார்கள்.