புகைக்கரியில் பதிந்த பாட்டு

எடிசன் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியைச் செய்து காட்டியது 1877-இல். அதற்கு 17 ஆண்டுகள் முன்பே, 1860 ஏப்ரல் 9 அன்று, பாரிஸில் ஒரு நாட்டுப்பாடல் பதிவாகிவிட்டது. பதிவு செய்தவர் எதுவார் லியோன் ஸ்காட் த மார்தான்வீல். அச்சகத்தில் புரூஃப் திருத்துவது அவருடைய தொழில்.

உடலியல் நூல் ஒன்றின் புரூஃபைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காதின் அமைப்பு பற்றிய பகுதி அவரை நிறுத்தி யோசிக்கவைத்தது. காதைப் போலவே ஒரு கருவியைச் செய்தார். செவிப்பறைக்குப் பதில் மெல்லிய சவ்வு. அதை ஒரு முனையில் பூட்டிய பெரிய புனல். சவ்வோடு இணைந்த விறைப்பான ஒரு மயிர். எதிரே, விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கிய தாளைச் சுற்றிய உருளை. புனலுக்குள் பாடிக்கொண்டே உருளையைக் கையால் சுழற்றினால், மயிரின் நுனி கரியைச் சுரண்டி நெளிநெளியாகக் கோடு போடும். ஃபோனாட்டோகிராஃப் என்ற இந்தக் கருவிக்கு 1857-இல் காப்புரிமை வாங்கினார்.

அந்தக் கோட்டை மறுபடி பாடவைக்கும் எண்ணமே ஸ்காட்டுக்கு இல்லை. பேச்சு தன்னைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும், அதைக் கண்ணால் படிக்க வேண்டும் என்பதே அவர் ஆசை. எடிசனின் ஊசியோ வெள்ளீயத் தாளை அழுத்திப் பள்ளம் போட்டது. அதே பள்ளத்தில் ஊசியை மீண்டும் ஓட்டியதும் குரல் திரும்பி வந்தது. உலகமே எடிசனைக் கொண்டாட, ஸ்காட்டுக்குக் கோபம். ஒலியை எழுதவைத்ததுதான் உண்மையான சாதனை என்று 1878-இல் நூல் வெளியிட்டு வாதாடினார். மறு ஆண்டே இறந்துபோனார்.

அவருடைய கோடு வீண்போகவில்லை. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர், 1887-இல் காப்புரிமை பெற்ற கிராமஃபோனில் எடிசனின் மேடுபள்ளத்தை விட்டுவிட்டு, ஸ்காட்டின் பக்கவாட்டு நெளிவையே எடுத்துக்கொண்டார். மெழுகு பூசிய துத்தநாகத் தட்டில் ஒலியைக் கீறி, அமிலத்தால் அரித்தார். அதிலிருந்து அச்சு எடுத்தால் ஒரே பாட்டை ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளலாம். பின்னாளில் அந்த இசைத்தட்டுகளைச் செய்யத் தேவைப்பட்ட அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் கப்பலேறியது.

1860-இன் கரித்தாளை 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்கேன் செய்து, கணினி வழியே கோட்டை ஒலியாக மாற்றினார்கள். சிறுமி பாடுவதுபோல் கேட்டது. பாட்டுக்கு அருகிலேயே இசைக்கவையின் அதிர்வையும் ஸ்காட் பதிந்திருந்தார். வேகத்தைக் கணக்கிட அதுதான் அளவுகோல். ஆனால் அக்காலப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு முழு அதிர்வை இரண்டாக எண்ணுவார்கள். அதைக் கவனிக்காமல் கணக்கிட்டதால் பதிவு இரட்டை வேகத்தில் ஓடியிருந்தது. 2009-இல் வேகத்தைப் பாதியாக்கியதும் ஆண் குரல் வெளிப்பட்டது. பாடியவர் அநேகமாக ஸ்காட்டேதான்.