உழைப்பவரின் உடலும் ஓர் அமானிதம்: வேலை செய்யும் இடத்தில் வலியையும் காயத்தையும் தவிர்ப்போம்

தன் கையால் உழைத்து உண்பதை விடச் சிறந்த உணவு இல்லை என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் சொல்லி, தாவூத் (அலை) அவர்களை அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார்கள். நம் உடலுக்கு நம்மீது உரிமை உண்டு என்பதும் அதே நபியின் போதனைதான். ஹலாலான சம்பாத்தியம் எந்த அளவு கடமையோ, சம்பாதிக்கும் உடலைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதும் அந்த அளவு கடமை.

இன்று பல பள்ளிவாசல்களில் ஸஃப்பின் ஓரம் நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன. முதுமையால் அமர்பவர்களோடு, நாற்பது வயதிலேயே இடுப்பு வலியாலும் முழங்கால் வலியாலும் சுஜூது செய்ய முடியாதவர்களும் அவற்றில் அமர்கிறார்கள். நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் அமர்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழ நபியவர்கள் அனுமதி தந்தார்கள். சலுகை மார்க்கத்தில் உண்டு. ஆனால் தடுக்கக்கூடிய நோயைத் தடுக்காமல் விட்டுவிட்டு, சலுகையை மட்டும் எடுத்துக்கொள்வது அறிவுடைமை அல்ல.

வேலைக்கு ஏற்ப மனிதனா, மனிதனுக்கு ஏற்ப வேலையா?

இத்தாலி மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'என்ன வேலை செய்கிறாய்?' என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார். 1857-இல் போலந்து அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி இத்துறைக்கு 'எர்கோனாமிக்ஸ்' என்ற பெயரைச் சூட்டினார். தமிழில் பணிச்சூழலியல் என்கிறோம். இதன் சாரம் எளிது: மேசை, கருவி, சுமை, நேரம் ஆகியவற்றை மனித உடலுக்கு ஏற்ப அமைக்க வேண்டும், உடலை அவற்றுக்கு ஏற்ப வளைக்கக் கூடாது.

இந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல. பணியாளர்களிடம் தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. சுமை தூக்குபவர்கள் அளவுக்கு மீறிச் சுமப்பதைத் தடுப்பது, சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபின் பொறுப்பு என்று 14-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் குறிப்பிட்டிருக்கிறார்.

உட்காரும் உரிமை

கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்வோரின் துயரம் தமிழகத்தில் சட்டமாகவே வந்துவிட்டது. கோழிக்கோடு ஜவுளிக் கடைப் பெண்களின் போராட்டத்தைத் தொடர்ந்து 2018-இல் கேரளம் வழிகாட்டியது. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்தில் திருத்த மசோதா கொண்டுவரப்பட்டு, 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்க்கப்பட்டது. வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் ஊழியர்கள் உட்கார்ந்துகொள்ள, எல்லாருக்கும் இருக்கை தர வேண்டும் என்பதே அதன் கட்டளை.

திருத்தணியில் ஆடிக் கிருத்திகை போன்ற நாட்களில் கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது. அப்போது ஊழியர் உட்கார நேரம் கிடைக்காதுதான். ஆனால் ஆள் வராத மதிய வேளையிலும் ஸ்டூல் போடாத கடைகள் உண்டு. 'சம்பளம் வாங்கிக்கொண்டு உட்காரலாமா?' என்று கேட்கும் முதலாளிகளும் உண்டு.

இதற்கு ஃபிக்ஹில் தெளிவான பதில் இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருவரிடம் வேலைக்கு அமர்ந்தவர் 'அஜீர் காஸ்'. அவர் அந்த நேரத்தில் வேலைக்குத் தயாராக இருந்தாலே கூலிக்கு உரியவர் ஆகிறார். வேலை கொடுக்கப்படாவிட்டாலும் கூலி குறையாது. எனவே வாடிக்கையாளர் இல்லாதபோது அமர்வது நேரத் திருட்டு அல்ல. வாடிக்கையாளர் வந்த பிறகும் எழாமல் இருப்பதுதான் அமானித மீறல்.

வேலைக்கேற்ற கவனம்

நின்று செய்யும் வேலை: ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுதான் கால் வீக்கத்துக்கும் நரம்புச் சுருட்டலுக்கும் வழி வகுக்கும். சிறு பலகை ஒன்றில் கால்களை மாற்றி மாற்றி வையுங்கள். கடினத் தரையில் ரப்பர் விரிப்பு போடுங்கள்.

சுமை தூக்குதல்: அமெரிக்காவின் நையோஷ் நிறுவனம், எல்லா நிலைமைகளும் சாதகமாக இருந்தாலும் தூக்கும் எடைக்கு 23 கிலோவையே மேல் வரம்பாக வைத்துக் கணக்கிடுகிறது. நம் ஊரில் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. இருவர் சேர்ந்து தூக்குவதோ, தள்ளுவண்டி வைப்பதோ பலவீனம் அல்ல. முழங்காலை மடக்கி, சுமையை நெஞ்சோடு அணைத்து எழுங்கள். சுமையோடு இடுப்பைத் திருப்பாமல் பாதத்தைத் திருப்புங்கள். வலீமா விருந்தில் பிரியாணி தேக்சாவை இறக்கும்போதும் இதே விதிதான்.

தையலும் தறியும்: பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறியில் அமர்வோருக்கும், வீட்டில் தைக்கும் நம் பெண்களுக்கும் கழுத்தும் தோளும்தான் முதலில் வலிக்கும். குனிந்தே பார்க்க வேண்டியிருந்தால் இருக்கை உயரத்தை மாற்றுங்கள். துணியின் மீது வெளிச்சம் விழச் செய்யுங்கள். முதுகுக்குச் சாய்வு வையுங்கள். விசைத்தறிக்குக் காதடைப்பானும் தேவை.

கணினி வேலை: திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில், பாதம் தரையில் படிந்து இருக்கட்டும். காலை ரயிலில் சென்னைக்குப் போய் இரவு திரும்பும் பிள்ளைகள், பயணத்திலும் செல்போனுக்குக் கழுத்தைக் குனிந்தே வைத்திருந்தால் ஓய்வு என்பதே கிடைக்காது.

சமையலறை: மேடை தாழ்வாக இருந்தால் நாள் முழுதும் குனிய நேரிடும். காய் நறுக்குவதை மேசையில் அமர்ந்து செய்யலாம். நிறைகுடத்துக்குப் பதில் இரண்டு சிறு பாத்திரங்களில் தண்ணீர் எடுக்கலாம்.

எல்லோருக்கும் பொதுவானது இடைவேளை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பது நல்லது. லுஹர், அஸ்ர் தொழுகைகள் வணக்கமாகும். உடற்பயிற்சிக்காக நாம் தொழுவதில்லை. ஆனாலும் உளூவுக்கு எழுந்து நடந்து தொழுது வருபவருக்கு அந்த அசைவும் அல்லாஹ்வின் அருளாகக் கிடைக்கிறது. தொழுகைக்கு நேரம் தரும் முதலாளி, ஊழியரின் முதுகுக்கும் நன்மை செய்கிறார்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சில நாள் ஓய்வுக்குப் பிறகும் குறையாத வலி, இரவில் எழுப்பும் கை மரமரப்பு, பிடியில் தளர்ச்சி ஆகியவற்றைத் தைலம் தடவித் தள்ளிப்போடாதீர்கள். இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலக் கட்டுப்பாடு போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வேலையில் காயம்பட்டவர் இ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்தால், விபத்தை அன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள். இழப்பீட்டுக்கு அந்தப் பதிவு உதவும்.

தினக்கூலிக்காரர் 'இந்த மூட்டை அதிகம்' என்று சொல்லத் தயங்குவார். நாளைய வேலை போய்விடும் என்ற அச்சம் அவருக்கு. ஆகவே முதலில் பேச வேண்டியவர் முதலாளி. ஒரு ஸ்டூல், ஒரு தள்ளுவண்டி, ஒரு விளக்கு பெரிய செலவல்ல. ஜும்ஆ பயானில் கூலியை உரிய நேரத்தில் கொடுப்பது பற்றிப் பேசுவதோடு இதையும் ஜமாஅத்தார் நினைவூட்டட்டும். உழைக்கும் நம் மக்கள் முதுமையிலும் நின்று தொழும் வலிமையை அல்லாஹ் தருவானாக. ஆமீன்.