தேநீரில் ஃபுளோரைடு: அளவும் அபாயமும்

தேயிலைச் செடி, அமிலத்தன்மை மிகுந்த மண்ணிலிருந்து ஃபுளோரைடை வேர் வழியே உறிஞ்சி இலைகளில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. இலை முதிர முதிர இந்தச் சேமிப்பும் பெருகும். இளங்கொழுந்தில் குறைவாகவே காணப்படும் ஃபுளோரைடு, முதிர்ந்த இலையில் பல மடங்கு அதிகமாக இருக்கும்.

இதற்குத் தெளிவான சான்று, திபெத், உள் மங்கோலியா பகுதிகளில் அருந்தப்படும் கட்டித் தேயிலை ஆகும். முதிர்ந்த இலைகளையும் தண்டுகளையும் செங்கல் வடிவில் அழுத்தித் தயாரிக்கப்படும் இதனை நெடுநேரம் கொதிக்க வைத்து, அன்றாடம் மிகுதியாகப் பருகுகின்றனர். இதனால் பற்களில் கறை படிவதும், எலும்பும் மூட்டும் இறுகி வலிப்பதுமான ஃபுளோரோசிஸ் நோய் அங்குப் பரவலாகக் கண்டறியப்பட்டது. கட்டித் தேயிலையில் கிலோவுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தலாகாது என 2005-ஆம் ஆண்டு சீனா வரம்பு விதித்தது.

சாதாரணத் தேநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 4 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம். நாளொன்றுக்கு நான்கு கோப்பை, அதாவது சுமார் 600 மில்லிலிட்டர் அருந்துவோருக்கு அதிகபட்சம் 2.4 மில்லிகிராம் சேரும். பெரியவர்களுக்கான உச்ச அளவாக அமெரிக்க வல்லுநர்கள் 1997-இல் வகுத்தது 10 மில்லிகிராம். எனவே, தேநீர் மட்டுமே காரணமாக நோய் வருவது அரிது. ஆயினும், அரிதானதும் நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 47 வயதுப் பெண் ஒருவர், 17 ஆண்டுகளாக நாள்தோறும் 100 முதல் 150 தேயிலைப் பைகள் இட்ட தேநீரை அருந்தி எலும்பு ஃபுளோரோசிஸுக்கு ஆளானது 2013-இல் மருத்துவ இதழில் பதிவானது.

இந்தியாவில் முதன்மையான கவலை தேயிலை அன்று, தண்ணீரே. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் 1937-இல் இந்நோய் பதிவு செய்யப்பட்டது. தெலங்கானாவின் நல்கொண்டா, தமிழகத்தின் தருமபுரி போன்ற மாவட்டங்களின் நிலத்தடி நீர் இன்றும் இதற்குப் பெயர்பெற்றது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பதே இந்திய தர நிர்ணய அமைவனம் ஏற்கும் அளவு. மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு. வரம்பை மீறிய நீரில் தேநீர் தயாரித்தால் இரண்டின் ஃபுளோரைடும் ஒன்றுசேரும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அது உடலை விட்டு வெளியேறுவதும் குறையும்.

கொதிக்க வைத்தால் தண்ணீர் தூய்மையாகிவிடும் என்ற நம்பிக்கை இங்குப் பொருந்தாது. கிருமிகள் அழியும், ஃபுளோரைடு நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். பாலில் உள்ள கால்சியம், உடல் அதனை உறிஞ்சுவதை ஓரளவு குறைக்கும். பாதிப்புள்ள பகுதிகளில், குடிப்பதற்கு மட்டுமின்றித் தேநீருக்கும் சமையலுக்கும் ஃபுளோரைடு நீக்கிய நீரையே பயன்படுத்த வேண்டும்.