திண்ணைப் பள்ளியின் பரிசும் ஒறுப்பும்

பரிசும் ஒறுப்பும் கற்போன் நடத்தையை உருவாக்கும் முறையினை உளநூலார் ஆய்வுக்கூடத்தில் ஆராயத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலாகும். 1898-இல் அமெரிக்க அறிஞர் தார்ண்டைக், பூனைகளைப் பெட்டியில் அடைத்து, அவை தாழ் நீக்கி வெளிவந்து உணவு பெறக் கற்கும் வகையை ஆராய்ந்தார். இன்பம் பயக்கும் செயல் வலுப்பெறும். துன்பம் பயப்பது தேயும் என்னும் விளைவு விதியை அதனின்றும் பின்னர் வகுத்தார். ஆயின், அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே சென்னை மாகாணத்துப் பள்ளிகளில் இவ்விரண்டும் நாடோறும் ஓர் ஒழுங்குடன் வழங்கப்பெற்றமைக்கு எழுத்துச் சான்று உண்டு. நம் கல்வி வரலாறு எழுதினோர் பலர் இச்சான்றினைப் போற்றியோ தூற்றியோ சென்றனரேயன்றி, அதன் அமைப்பினை நின்று நோக்கினாரல்லர்.

1822-இல் ஆளுநர் தாமசு மன்றோ, மாகாணத்துப் பள்ளிகளின் நிலையை எழுதியனுப்புமாறு மாவட்ட ஆட்சியர்களைப் பணித்தார். வந்த விடைகளுள் பல வெறும் எண்ணிக்கைப் பட்டியல்களே. பெல்லாரி ஆட்சியர் காம்பெல் 1823-இல் விடுத்த அறிக்கை அத்தகையதன்று. காலையில் முதலில் வரும் மாணவன் உள்ளங்கையில் கலைமகள் பெயர் எழுதப்படும். அஃது அவனுக்குச் சிறப்பு. இரண்டாமவன் கையில் ஒரு சுழி. அது புகழுமன்று, இகழுமன்று. மூன்றாமவனுக்கு மெல்லியதோர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பின் வருவார் ஒவ்வொருவர்க்கும் ஒன்று ஏறும். மடியுடைய மாணவனைப் பிரம்பால் அடிப்பதும், இரு கைகளையும் கட்டிக் கூரையில் தொங்கவிடுவதும், ஓயாது மண்டியிட்டு எழச் செய்வதும் உண்டென அவர் எழுதுகிறார். தமிழகத்தில் கோதண்டம் என வழங்கியது இவ்வாறு தொங்கவிடும் தண்டனையே. பெல்லாரி தமிழ் வழங்கும் நிலமன்று என்பதை ஈண்டு மறத்தலாகாது.

இவ்வடுக்கினை உற்று நோக்குக. பதின்மர் வரின் பத்தாமவன் எட்டடி பெறுவான். பதின்மரும் வைகறையிலேயே வந்துவிடினும் பத்தாமவன் ஒருவன் இருந்தே தீர்வான், அவனுக்கும் எட்டடியே. ஆகவே ஒறுப்பு காலத்தாழ்வுக்கு அன்று, வரிசைக்கே உரியதாயிற்று. அடியிலிருந்து தப்புவோர் இருவரே. பரிசு பெறுவோன் ஒருவனே. இம்முறையால் மாணவன் கற்றது முந்தியெழுதலையேயன்றி எழுத்தினை அன்று. நெடுந்தொலைவிலிருந்து வரும் சிறுவன் ஒரு பிழையும் செய்யாமலே நாடோறும் அடிபட்டிருப்பான். பவணந்தியார் நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கர் இயல்பையும், கற்பித்தற்கு உரியரல்லாதாரையும், பாடங் கேட்கும் முறையையும் விரித்துரைக்கின்றது. ஆண்டுப் பிரம்புக்கு இடமில்லை. இலக்கணத்தில் இல்லாத பிரம்பு திண்ணையில் ஏறியது எங்ஙனம் என்பது தனியே ஆராயத்தக்கது.

காம்பெல் அறிக்கைக்கு முன்னரே, சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற சிறார் காப்பகத்திற்கு 1789 முதல் தலைமை பூண்ட ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார், மலபார்ப் பள்ளி ஒன்றன் வழியே செல்கையில் சிறார் மணலில் விரலால் எழுதக் கண்டார். மலபார் என்பது அக்கால ஐரோப்பியர் தமிழரைக் குறித்த சொல். நொச்சிக்குப்பத்துக் கரையில் நின்று பார்ப்பார்க்கு அம்மணலின் நயம் விளங்கும்: செலவில்லை, பிழைத்த எழுத்து ஒரு கைவீச்சில் மறையும், பிழைக்குச் சுவடே இராது. காப்பகத்து ஆசிரியர் இம்முறையைக் கையாள மறுத்தனர். பெல், பிரிசுகன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே இளையோர்க்குக் கற்பித்தார். நம் சட்டாம்பிள்ளை வழக்கத்திற்கு இஃது உறவுடையது. குற்றங்களை ஏட்டில் பதிந்து, வாரந்தோறும் மாணவர் அவையே அவற்றை ஆராய்ந்து தீர்ப்புக் கூற வைத்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் ‘சென்னை முறை’ ஐரோப்பாவெங்கும் பரவிற்று. அவர் மணலை எடுத்துக்கொண்டார். கோதண்டத்தை எடுத்துச் சென்றாரல்லர். ஆனால் அவருக்குப் போட்டியாக எழுந்த இலங்காசுடரோ, பரிசுச் சீட்டுகளோடு, கழுத்தில் கட்டை மாட்டுதலையும் கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிடுதலையும் கையாண்டார். தொங்கவிடும் ஒறுப்பு திண்ணைக்கே உரிய கொடுமை என்பார் இதனை எண்ணுவாராக.

விளைவு விதியின் இரண்டாம் பகுதி நிலைக்கவில்லை. 1930-களில் தார்ண்டைக்கே, பரிசு வலுப்படுத்தும் அளவிற்கு ஒறுப்பு செயலைத் தேய்ப்பதில்லை என்று தம் கொள்கையைத் திருத்தினார். 1944-இல் எசுட்டிசு எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு, ஒறுப்பு செயலைச் சிறிது காலம் அடக்குமேயன்றி அழிக்காது எனக் காட்டிற்று. பிரம்பு விலகிய பொழுதே பழைய நடத்தை மீளும். ஆசிரியர் ஊரில் இல்லாத நாளில் திண்ணை எவ்வாறு இருந்தது என்பதை முதியோர் பலர் நகையுடன் கூறக் கேட்டிருக்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு, தேர்ச்சிக்கேற்ற உதவித்தொகை என்னும் முறையைக் கொணர்ந்தபோது, பரிசும் இழப்பும் ஆசிரியர் மீதே திரும்பின. தேர்வாளர் முன் ஒப்பிக்கும் மாணவர் எண்ணிக்கையே அவர்தம் ஊதியத்தை அறுதியிட்டது. அவரும் ஒப்பிக்கவே பயிற்றினார். இந்திய அரசின் 1904-ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் அம்முறையைக் குறைகூறிற்று. பள்ளியில் உடலை வருத்தும் ஒறுப்பினைத் தடை செய்யும் நாடளாவிய சட்டம் 2009-இல்தான் இயற்றப்பெற்றது.