அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களும் அரசு உதவியும்

தமிழ்நாட்டில் 'நர்சிங் ஹோம்' என்பது சிறிய தனியார் மருத்துவமனையைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் அது, அன்றாட வேலைகளைத் தாமே செய்ய இயலாத முதியோர் செவிலியர் துணையுடன் நீண்டகாலம் தங்கும் இல்லமாகும். இவ்வில்லங்களில் வாழ்வோரில் பத்தில் ஆறு பேருக்கு முதன்மையாகப் பணம் செலுத்துவது 'மெடிகெய்டு' என்னும் அரசுத் திட்டம். ஏழைகளுக்கென உருவான இத்திட்டத்தை நாளடைவில் நடுத்தரக் குடும்பத்து முதியோரும் நாட வேண்டியதாயிற்று.

ஏழையர் விடுதிகள்

19-ஆம் நூற்றாண்டில் ஆதரவற்ற முதியோர் பலர் உள்ளாட்சி அமைப்புகள் நடத்திய ஏழையர் விடுதிகளில் சேர்க்கப்பட்டனர். அங்கு போய்ச் சேர்வது இழிவாகக் கருதப்பட்டது. 1935 ஆகஸ்ட் 14 அன்று குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம், வறிய முதியோருக்கு ரொக்க உதவி அளித்தது. ஆனால் அரசு விடுதிகளில் வாழ்வோருக்கு அவ்வுதவி மறுக்கப்பட்டது. ஏழையர் விடுதிகளை ஒழிப்பதே இதன் நோக்கம். எனினும், பராமரிப்பின்றி வாழ இயலாதவர்கள் உதவித்தொகையைக் கொடுத்துத் தனியார் இல்லங்களில் தங்கினர். தனியார் பராமரிப்பு இல்லத் தொழில் இவ்வாறு வளர்ந்தது. 1950-ஆம் ஆண்டுத் திருத்தம், பராமரிப்பு அளிப்போருக்கே அரசு நேரடியாகப் பணம் செலுத்த வழிசெய்தது.

1965-ஆம் ஆண்டுச் சட்டம்

1965 ஜூலை 30 அன்று லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் மெடிகேர், மெடிகெய்டு ஆகிய இரு திட்டங்கள் பிறந்தன. மெடிகேர், 65 வயது நிரம்பியோருக்கான காப்பீடு. மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பின் உடல் தேறுவதற்காக, ஒரு பயன்காலத்தில் அதிகபட்சம் 100 நாள்கள் வரை மட்டுமே இல்லச் செலவில் அது பங்கேற்கும். நீண்டகாலப் பராமரிப்பு அதில் அடங்காது. அச்செலவை ஏற்பது மெடிகெய்டு. அதன் நிதியை நடுவண் அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன.

சேமிப்பு கரைதல்

மெடிகெய்டு பெற ஒருவர் ஏழையாக இருத்தல் வேண்டும். பல மாநிலங்களில் தனிநபரின் கணக்கில் கொள்ளப்படும் சொத்து 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. எனவே, வாழ்நாள் சேமிப்பை இல்லக் கட்டணமாகச் செலவழித்துத் தீர்த்த பின்னரே பலர் தகுதி பெறுகின்றனர். கணவர் இல்லத்தில் சேர, வீட்டில் இருக்கும் மனைவி வறுமைக்குள்ளாகும் நிலையும் இருந்தது. வாழ்க்கைத்துணைக்கு ஒரு பகுதி வருமானத்தையும் சொத்தையும் ஒதுக்கி 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தணித்தது.

மறுபுறம், கட்டுப்பாடுகளும் இறுகின. 1993 முதல், பயனாளி இறந்தபின் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து செலவை மீட்பது மாநிலங்களின் கடமையாயிற்று. பிள்ளைகளுக்குச் சொத்தை மாற்றிவிட்டு உதவி கோருவதைத் தடுக்க, முந்தைய 5 ஆண்டுக் கொடுக்கல் வாங்கல்களை ஆராயும் விதி 2006-இல் இயற்றப்பட்டது. அதற்கு முன் அது பொதுவாக 3 ஆண்டுகளாக இருந்தது.

வீட்டுப் பராமரிப்பு

1981 முதல், இல்லத்துக்கு மாற்றாக வீட்டிலேயே உதவி அளிக்க மாநிலங்கள் சிறப்பு அனுமதி பெறலாம். ஆயினும் இல்லப் பராமரிப்பு கட்டாயப் பயனாகவும், வீட்டில் அளிக்கும் அன்றாட உதவி பெரும்பாலும் மாநிலங்களின் விருப்பத்துக்கு உட்பட்டதாகவும் உள்ளன. இதனால், தகுதியிருந்தும் பலர் வீட்டு உதவிக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இடம்பெறுகின்றனர்.